நேர்கோடு கேட்ட இயக்குநர்

காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் காற்றுச்சுரங்க ஆய்வகத்தில், மேலும் கீழும் அடிக்கும் இறக்கை எவ்வளவு விசையோடு தூக்குகிறது என்று அளந்துகொண்டிருந்தாள் ஆய்வு மாணவி பூங்கோதை. திரையில் விசையைக் காட்டும் கோடு அலையலையாக வந்தது.

"இறக்கை ஆடட்டும். கோடு ஆடக்கூடாது! நேரா வந்தாத்தான் அறிக்கையில கையெழுத்து," என்றார் இயக்குநர் கனகசபாபதி. இறக்கை ஆடினால் விசையும் ஆடும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை, ஆய்வகத்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வழக்கம்போலத் தோப்புக்கரணம் போட வந்தார் அவர். அங்கே ஓர் எடை மெஷின் இருந்தது.

"இதுமேல நின்னு, முள்ளு ஆடாமப் போட்டுக் காட்டுங்க சார். நானும் நேர்கோடு கொண்டு வர்றேன்," என்றாள் பூங்கோதை.

வீறாப்பாக ஏறிப் போட்டார். முள் தாறுமாறாகத் துள்ளியது.

"ஆடுதே சார்!"

"உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தா ஆடாம என்ன பண்ணும்?" காதைப் பிடித்தபடியே கத்தினார்.

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்," என்று பேனாவை நீட்டினாள்.