முடுக்காத ஹேண்டில்

மலையடிவாரத்து மடத்துக்குள் பூவலிங்கம் ஒரு புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மடத்து அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மனசு கலங்கினால் அவர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிற சீடர். அன்று உட்காரக்கூட இல்லை.

“சாமி, எனக்கு ஒரு நியாயம் தெரியணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

வெள்ளிக்கிழமை காலையில் பரமானந்தம் என்பவர் தன் மகள் யாழினிக்கு வாங்கிய வண்டி அது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி கடை வாசலைத் தாண்டியே ஆக வேண்டும் என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி நின்றார் மனிதர். மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுங்கியாயிற்று. ஹேண்டிலை மட்டும் யாரும் முடுக்கவில்லை.

“கோயிலுக்குப் போயிட்டு இங்க கொண்டாங்க, ஹேண்டிலை முடுக்கித் தாரேன்!” என்று பூவலிங்கம் பின்னாலிருந்து கத்தினார். பரமானந்தம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிப் பூவலிங்கம் அடுத்த வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டி திரும்பி வரவில்லை. மறுநாள் யாழினி தெருமுனையில் கைப்பிடியைத் திருப்பினாள். கைப்பிடி திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. இப்போது இடக்கையில் மாவுக்கட்டு. இனி சைக்கிள் பக்கமே போகமாட்டேன் என்று அழுகிறாளாம். பரமானந்தம் வண்டியைக் கடை வாசலில் போட்டுவிட்டு, நாலு பேர் பார்க்க வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

“அந்தப் பிள்ளையை நினைச்சா சோறு இறங்கல சாமி. ஆனா அவசரப்பட்டது அவருதானே? நான் சொன்னேன்லா? இப்பப் போய் மன்னிப்புக் கேட்டா, தப்பு என் மேலன்னு ஊரே பேசும். இதோ, விழுந்தது விழுந்தபடி கொண்டாந்திருக்கேன். ஹேண்டில் ஆடுதே தவிர வண்டியில ஒரு குறையும் கிடையாது. நீங்களே பாருங்க.”

அடிகள் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வண்டியின் பின் கேரியரில் உட்கார்ந்தார்.

“அவங்க வீட்டுக்கு விடுங்க. பிள்ளையைப் பார்த்துட்டு வருவோம்.”

“இதுலயா! இறங்குங்க சாமி, முடுக்கிக்கிடுதேன்.” பூவலிங்கம் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

“பக்கம்தானே, மெள்ள விடுங்க.”

“வழியெல்லாம் இறக்கம். மெள்ள எங்க விடுறது?”

“எனக்கு நேரமாகுது அண்ணாச்சி. சாயங்கால பூசைக்குத் திரும்பணும். வந்து முடுக்கிக்கலாம்.”

“உங்களுக்கு ஆயிரம் அவசரம் இருக்கட்டும் சாமி!” பூவலிங்கத்துக்குக் கோபமே வந்துவிட்டது. “ஹேண்டில் ஆடுதுன்னு எனக்குல்லா தெரியும்? தெரிஞ்சுக்கிட்டு எப்படி உங்களை ஏத்துவேன்?”

சொல்லி முடித்ததும் ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. தன் பேச்சு தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் தொங்கிப்போயிற்று. அடிகள் கேரியரைவிட்டு இறங்கி நின்றார்.

பூவலிங்கம் குனிந்து போல்ட்டை முடுக்கினார். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. முடுக்கியதையே இன்னொரு தரம் முடுக்கினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போலவும் இருந்தது.

“அங்க போய் நான் என்ன சொல்லட்டும் சாமி?”

“இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.”

“அவரு அவசரப்பட்டாரே, அது?”

அடிகள் மறுபடியும் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

“அதைச் சொல்ல அவருக்கும் ஒரு வாய் இருக்கு அண்ணாச்சி. நீங்க முதல்ல ஆரம்பிங்க.”