சங்கரவடிவின் மெட்டி

"டீச்சர், திரும்பவும் ஒடிஞ்சுபோச்சு!"

மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு பூவலிங்கம் கத்தினார். கையில் வெள்ளிக் கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது.

மாடி வீட்டு ஜெபராணி கம்பியில் நகை செய்யக் கற்றுக்கொடுப்பவள். பூவலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் குரு என்றால் குரு, அதில் அவர் ரொம்பக் கறார்.

"வாங்க அண்ணாச்சி, உங்க அடுப்படியிலயே பாத்துருவோம்" என்று அவள் இறங்கி வந்தாள்.

பூவலிங்கத்துக்கு அவசரம். அவர் மனைவி சங்கரவடிவு கீழே விழுந்து, காலில் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிறாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே முடங்கிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்கிறாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். "குத்துக்கல்லு மாதிரி புருஷன் இருக்கும்போது வெறுங்காலோட நடப்பேனா?" இதுதான் அவள் பேச்சு. கடை மெட்டி எதுவும் அந்த வீங்கின விரலில் ஏறவில்லை.

சரி, நானே செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார் மனுஷன். காலமெல்லாம் பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. அதற்கு வெள்ளிக் கம்பி எம்மாத்திரம் என்று நினைத்தார்.

"சூடு காட்டினீங்களா?" என்று கேட்டாள் ஜெபராணி.

"காட்டினேனே! காலையிலயே காட்டினேன். பூ மாதிரி இருந்துச்சு டீச்சர்!"

"பிறகு?"

"வளைச்சேன். கோணலாயிட்டு. நிமித்தினேன். திரும்ப வளைச்சேன், அதுவும் சரியில்ல. குறட்டால அமுக்கினேன், விரிச்சேன். நல்லா வரணுமேன்னு விடாம திருத்திக்கிட்டே இருந்தேன். டக்குனு போயிட்டு!"

"திருத்தத் திருத்த இறுகத்தான் செய்யும் அண்ணாச்சி. இறுகினா ஒடியும், திரும்பச் சூடு காட்டி இளக்கணும்."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டீச்சர்!" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சங்கரவடிவுக்குக் கால்தான் மக்கர் செய்தது. காது படு கூர்மை.

"விடிஞ்சா எந்திரிச்சா நீட்டுங்காரு, மடக்குங்காரு, ஊனுங்காரு. ஊனப் போனா அப்படி இல்ல, இப்படிங்காரு. நானும் அந்தக் கம்பி மாதிரிதான் கெடக்கேன்!"

பூவலிங்கம் காதில் விழாத மாதிரி கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஜெபராணி புதுக்கம்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சின்ன வளையமாகச் சுற்றி, இடுக்கியால் பிடித்து, தீயை முழுசாகத் திறந்துவிட்டார். ஒரு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது சட்டென்று உருகிக் கடுகு மாதிரி உருண்டு நின்றது.

"ஐயோ!"

ஜெபராணி திட்டவில்லை. நுனியை வெட்டினாள். மிச்சத்தை வளையத்துக்குள் செருகினாள். தீயைக் குறைத்தாள். நிறம் தெரியட்டும் என்று ஜன்னலைச் சாத்தினாள். பிறகு இடுக்கியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ஆச்சா டீச்சர்?"

"இல்ல."

"இப்ப?"

அவள் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவசரக்காரருக்கு அது பெரிய தண்டனை.

வெள்ளியில் மெல்ல, மிக மெல்ல, ஒரு மங்கல் சிவப்பு ஏறியது.

"செவக்குது! டீச்சர், செவக்குது! ஏட்டி வடிவு, செவக்குதுட்டி!"

"தீயை விட்டு எடுங்க! தண்ணியில போடுங்க!"

சுர்ரென்றது. வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தார். வெந்த சேமியா மாதிரி விரலில் துவண்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே ஒடியாதுல்ல? இன்னும் எத்தன தடவ சூடு காட்டணும்?"

"எத்தன தடவ இறுகுதோ, அத்தன தடவ."

பூவலிங்கம் கம்பியைக் கழுவித் துடைத்து, நுனியை அரத்தால் மழுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்தார். நீட்டு என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையில் இருந்த கம்பியைப் பார்த்தார்.

"வலிக்குதா வடிவு?"

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை.

சங்கரவடிவு உடைந்துவிட்டாள்.

"வலி இல்லங்க. பயம். திரும்ப விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு. மெட்டி அது இதுன்னு சும்மா சொன்னேன்."

"எனக்கும் பயந்தாம்ட்டி" என்றார் பூவலிங்கம்.

வீங்கின விரலைச் சுற்றி, இறுக்காமல், கம்பியை மெல்ல ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கேட்ட பக்கமெல்லாம் வெள்ளி வளைந்து கொடுத்தது. மறுகாலுக்கும் அப்படியே. குழந்தை மாதிரி சந்தோஷம் அவருக்கு. அப்புறம் உடனே கவலை வந்துவிட்டது.

"டீச்சர், இது ரொம்ப இளகி நிக்குதே! நெளிஞ்சிராதா? சுத்தியலால ரெண்டு தட்டு தட்டவா?"

வாசற்படியில் நின்ற ஜெபராணி தலையை ஆட்டினாள்.

"தட்டாதீங்க. போட்டு நடந்தா, நடக்க நடக்கத் தானா உறுதியாகும்."

பூவலிங்கம் மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சங்கரவடிவு அவர் தோளில் கையை ஊன்றினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நான் எறங்கணும்."