சம்பந்தியம்மாளுக்கு ஒரு தீர்மானம்

"வார்த்தையெல்லாம் தெரியுது டீச்சர். வாயைத் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது."

சொன்னவர் தவில் வித்வான் திருமேனி. கோயிலில் அவர் வாசித்தால் பேருந்து நிலையம்வரை கேட்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவள் எஸ்தர். மன்னார்குடியில் ஆங்கிலம் பேசச் சொல்லிக் கொடுக்கிறவள். பாவாடை கட்டிய வயதில் அவரிடமே தாளம் கற்றவள்.

"என்னைப் போய் டீச்சருங்கிறீங்களே சார்."

"சொல்லிக் கொடுக்கிறவங்க டீச்சர்தானே."

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து நீட்டினார். நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எஸ்தருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவளும் தரைக்கு இறங்கிவிட்டாள்.

அவர் மகள் அமுதவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரன். அவனுடைய அம்மா மார்கரெட்டுக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது.

"அந்தம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன சார்?"

"எம்பொண்ணு பசிச்சாக் கேக்கமாட்டா. தாயில்லாம வளந்த புள்ள. யாராவது சாப்பிட்டியான்னு கேக்கணும். கேக்கலேன்னா அப்படியே படுத்துடுவா."

"நான் சொல்லிடறேனே சார்."

"நீ சொன்னா அது சேதி. பெத்தவன் சொல்லணும்ல?"

டீச்சர் போய்ப் பழைய 'நீ' வந்துவிட்டது. எஸ்தருக்கு அதுதான் பிடித்திருந்தது.

வகுப்பு தொடங்கியது. ஒரு வார்த்தை சொல்வார். சந்தேகம் வரும். நாக்கைக் கடிப்பார். மறுபடி முதலிலிருந்து.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஞாபகம் இருக்கா சார்? நானும் தாளம் தப்பினா இப்படித்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிறுத்திடுவேன்."

"ஆமா, ஆமா."

"நீங்க நிறுத்தமாட்டீங்க. திட்டவும் மாட்டீங்க. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம தொடையில தட்டிக்கிட்டே இருப்பீங்க. ஓடிப் புடிச்சு நானேதான் வந்து சேரணும்."

திருமேனியின் முகம் மலர்ந்தது.

"வகுப்பு முடிஞ்சா வறுத்த கடலை வரும்," என்றாள் எஸ்தர். "அத்தை ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து, சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேப்பாங்க."

"அப்ப அவ உசுரோட இருந்தா," என்றார் திருமேனி.

அந்தக் கடலை வாசம் இருவருக்குமே வந்திருக்கும்.

எஸ்தர் தன் தொடையில் தாளம் போடத் தொடங்கினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

திருமேனி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பேசினார். தப்பும் தவறுமாக, நிற்காமல் பேசினார்.

சில நாளில் வாய் நன்றாகத் திறந்துகொண்டது. ஆனால் வேறொரு வம்பு முளைத்தது.

"வெல்கம் டு அவர் ஹவுஸ். அவர் ஹவுஸ். அவர் ஹவுஸ்!"

"ஏன் சார் மூணு தடவை?"

"தீர்மானம் வைக்காம எப்படிம்மா முடிக்கிறது?"

தவில்காரர்களுக்கு அது ஒரு பழக்கம். கடைசித் தாளச் சொற்கட்டை மூன்று முறை வாசித்தால்தான் வாசித்தது முடிந்ததாகக் கணக்கு. அதன் பெயர்தான் தீர்மானம். திருமேனி காபி வேண்டுமா என்பதற்கே தீர்மானம் வைத்தார்.

"சம்பந்தியம்மா மிரண்டுடுவாங்க சார். ஒரு தடவை போதும்."

"முடிஞ்ச மாதிரியே இல்லையே."

"முடிஞ்சுடுச்சு சார்."

மனசே இல்லாமல் தலையாட்டினார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டி முடித்ததும் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடியது. புடவையைச் சமாளித்தபடி மார்கரெட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திருமேனி வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். எஸ்தர் பின்னால் நின்றாள்.

"மேடம். மை டாட்டர்..."

நின்றுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மார்கரெட் புன்னகையோடு காத்திருந்தாள். திருமேனிக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. எஸ்தருக்கு எடுத்துச் சொல்ல வாய் துறுதுறுத்தது.

அவள் எங்கோ பார்த்தபடி நாற்காலியின் முதுகில் மெல்லத் தாளம் தட்டினாள்.

அவருடைய கை தானாகத் தொடைக்குப் போயிற்று.

"மை டாட்டர், ஹங்ரி, நோ டெல். ஒய்ஃப் நோ மோர். ஐ ஆஸ்க், ஐ ஆஸ்க் டெய்லி. நவ் யூ மதர். யூ ஆஸ்க் ஹெர்."

வந்து சேர்ந்துவிட்டார். எஸ்தர் தட்டுவதை நிறுத்தினாள்.

அவர் நிறுத்தவில்லை.

"ஆஸ்க் ஹெர்," என்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

மார்கரெட்டின் புன்னகை போய்விட்டது. அவர் கையையே பார்த்தாள்.

"ஆஸ்க் ஹெர்."

மார்கரெட் எழுந்தாள். மேடையில் மாலையோடு யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த அமுதவல்லியிடம் போனாள். அவள் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள். அமுதவல்லி இல்லை என்று தலையசைத்தாள். மார்கரெட் அவள் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

திருமேனி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான் டீச்சர் முடிஞ்சுது."