ஏழு பேர் சேர்ந்து ஒரு பஸ்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை. ஆகவே நாமும் மேலே போகலாம்.

குரு பெயர் செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். வசனம் கிடையாது. மேசை, நாற்காலி கிடையாது. உடம்பு ஒன்றுதான் எல்லாம். சீடர் ஆரோக்கியசாமி, இருபத்தொன்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு ஓய்வு பெற்றவர்.

அங்கே நாடகத்தை யாரும் எழுதித் தருவதில்லை. ஏழு பேர் கூடி, ஆளுக்கு ஒன்றைச் செய்துபார்த்து, நின்றதை வைத்துக்கொண்டு மற்றதை உதறி, அவர்களே உண்டாக்க வேண்டும். இரண்டு மாசம் அப்படி உருண்டு புரண்டு உண்டாக்கியதுதான் ‘பஸ்’. ஏழு உடம்பும் சேர்ந்தால் ஒரு பஸ். யோசனை ஆரோக்கியசாமியுடையது. அதனால் கண்டக்டரும் அவர்தான். நியாயம்தானே?

முதல் காட்சி ஒரு கல்லூரி மைதானத்தில். மனுஷன் பின்னி எடுத்துவிட்டார். ஆறு பேர் நெருக்கத்துக்குள் பாம்பாக நுழைந்து வெளியே வந்தார். ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்தார். ஓடுகிற படியிலிருந்து குதித்து, ஓடிப்போய் மறுபடி தொற்றினார். முதல் ஐந்து நிமிஷம் விசில். அப்புறம் சனம் மெல்ல செல்போனை எடுத்தது. கடைசியில் விழுந்த கைத்தட்டு, முடிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் தட்டியது மாதிரி இருந்தது.

காட்சி முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது அவர்கள் வழக்கம். ஒரு விதி உண்டு. தன்னைப் பற்றிப் பேசக்கூடாது. அடுத்தவர் உடம்பு என்ன செய்தது என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியசாமி முறை வந்தது.

“நான் படியில தொத்தும்போது...”

“உங்களக் கேக்கல அண்ணாச்சி. அப்ப நூர்ஜகான் கை எங்க இருந்துச்சு?” என்றாள் செண்பகவல்லி.

அவர் வட்டத்தில் எதிரே இருந்த நூர்ஜகானைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“கம்பியப் பிடிச்சிருந்துச்சு.”

“உங்க சட்டையப் பிடிச்சிருந்துச்சு. நீங்க விழுந்துரக்கூடாதுன்னு.”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

எல்லாரும் போனபின் தனியே வந்து நின்றார். “டீச்சர், சனம் ஏன் ஒட்டல? நான் ஒண்ணும் குறை வைக்கலையே.”

“வைக்கல.”

“ஞாயித்துக்கிழமை டிப்போ ஆளுக எல்லாம் வாராங்க. எங்கூட வேல பாத்தவங்க. நானே கூப்பிட்டிருக்கேன்.”

“அன்னைக்கும் இப்படியே போனா இந்த நாடகத்த விட்டுரலாம் அண்ணாச்சி. வேற பண்ணுவோம்.”

ரிட்டயர் ஆனபின் அவர் கையால் உண்டான ஒரே காரியம் அது.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் அவரைச் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏற்றினாள். “உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது, வாயத் திறக்கக் கூடாது” என்றாள். தான் பின்னால் நின்றுகொண்டாள்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டக்டராக இருந்தபோது அவர் உட்கார்ந்ததெல்லாம் டிரிப் ஷீட் எழுதத்தான். படியில் கூட்டம் அடைத்ததும் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

மேலப்பாளையத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஏறி, தன் பையை அவர் மடியில் வைத்தாள். கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே ஒரு பெரியவரின் தூக்குவாளி வந்தது. அப்புறம் ஒரு கீரைக்கட்டு. அதற்குமேல் யாரோ ஒருத்தர் குடை.

வண்டி சடாரென்று பிரேக் போட்டது. ஆரோக்கியசாமியின் இரண்டு கையும் தானாக வளைந்து எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டன. தூக்குவாளியில் சாம்பார் போலிருக்கிறது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

டீச்சர் குனிந்து, “வண்டி எங்க வருது?” என்று கேட்டாள்.

வெளியே எட்டிப் பார்த்தார். பத்தமடை தாண்டியிருந்தது. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த ரூட்டில் ஸ்டாப் பெயர் சொல்லுகிற ஆள், எது எப்போது போனதென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இறங்கியபின் வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “கேக்கவே இல்ல டீச்சர். அந்தப் பிள்ள திரும்பிக்கூடப் பாக்கல. நான் யாரு எவருன்னு அவளுக்குத் தெரியுமா?”

“டீ குடிப்பமா அண்ணாச்சி?” என்றாள் அவள்.

அடுத்த ஒத்திகையில் அவர் சொன்னார்: “கண்டக்டர் வேலைய நூர்ஜகான் பாக்கட்டும். நான் உக்காந்துக்கிடுதேன்.”

உட்காருவது லேசு என்று நினைத்துவிட்டார். நாற்காலி கிடையாதே. காற்றில் உட்கார வேண்டும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, இல்லாத பையையும் வாளியையும் கீரையையும் மடியில் ஏந்திக்கொண்டு கால்மணி நேரம். முதல் நாள் தொடை வெடவெடவென்று ஆடியது.

“எஞ்சின் ஓடுது, நல்லாத்தான் இருக்கு” என்றாள் நூர்ஜகான்.

மூன்று நாள் சுவரோடு சாய்ந்து பழகினார். மாடிப்படி இறங்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு டிப்போ ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வண்டி கிளம்பியது. ஏழு உடம்பும் ஒன்றாகச் சாய்ந்தன, ஒன்றாக நிமிர்ந்தன. முன்வரிசையில் ஒரு பழைய டிரைவர் வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தார். அவருக்கே அது தெரியாது.

நடுவில், ஏழு பேரில் ஒருத்தியான ஜெசிந்தா ஏறினாள். கையில் பச்சைப் பிள்ளை, அதாவது பிள்ளை மாதிரி மடித்த கை. நிற்க இடமில்லை, பிடிக்கக் கம்பியில்லை. ஆரோக்கியசாமியைப் பார்த்தாள். அவர் மடி நிறைந்திருந்தது. வண்டி குலுங்கியது. அவள் தடுமாறிச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். “இங்க குடு தாயி” என்றாள், சத்தமாகவே.

இது ஒத்திகையில் இல்லாதது. ஜெசிந்தா ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் குனிந்து, தலையைத் தாங்கி, பதமாகக் கொடுத்தாள்.

நாடகம் முடிந்தது. மைதானமே எழுந்து கைதட்டியது. அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெசிந்தா வந்து வாங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பழைய டிரைவர் ஆரோக்கியசாமியைத் தேடி வந்து தோளில் தட்டினார். “எல்லாம் அருமைடே. ஆமா, நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எந்த இடத்துல வந்தே?”

ஆரோக்கியசாமி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சந்தோஷமும் இருந்தது, ஒரு ஓரத்தில் குறுகுறுப்பும் இருந்தது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்.

“டீச்சர், கூட வேல பாத்தவனே என்னப் பாக்கலைங்கான். ஒருத்தரும் என்னப் பாக்கலையே.”

“எப்படிப் பாப்பாங்க அண்ணாச்சி? எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்கல்லா.”