முரசில் யார் பெயர்?

ஒரு காலத்தில் குறும்பொழில் நாட்டைக் கோடைவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அரண்மனையில் தாளித்தால் எல்லைக் காவலன் தும்முவான். வடக்கே ஒரு பேரரசர், தெற்கே ஒரு பேரரசர். இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ, அவர் பெயரை அந்தியில் முரசறைந்து வாழ்த்திய பிறகுதான் கோட்டைக் கதவைச் சாத்துவது அங்கே வழக்கம்.

அந்த இருவரும் பெரும்போரில் மோதிக்கொண்டார்கள். போர் முடிந்தது. ஜெயித்தது யார் என்றுதான் தெரியவில்லை. பெயர் தெரியாததால் முரசு இல்லை. முரசு இல்லாததால் கதவு சாத்தவில்லை. ஆடுகள் தர்பாருக்குள் வந்து தோரணத்தைத் தின்றன. சேனாபதி உதாரன் காலையில் வடக்கத்திச் சிவப்புத் தலைப்பாகையும் மாலையில் தெற்கத்திப் பச்சைத் தலைப்பாகையுமாக அலைந்தார்.

இந்தக் குழப்பத்தில் இரண்டு தூதர்கள் வந்து நின்றார்கள்.

"வென்றது எங்கள் அரசர்!" என்றார் வடக்கத்தித் தூதர்.

"பொய்! எங்கள் அரசர்தான்!" என்றார் தெற்கத்தித் தூதர்.

முரசில் வேறு பெயர் வந்தால் ஊரைக் கொளுத்துவோம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மந்திரி அறவாழியின் மேல் சேனாபதிக்கு வெகுநாள் பொறாமை. "மகாராஜா, மந்திரியாரே பெயரைச் சொல்லட்டும். தப்பானால் அவர் தலை போகட்டும்" என்று ஏற்றிவிட்டார்.

"அதுவும் சரிதான்" என்றான் ராஜா. "இல்லை, சரியில்லையோ? எதுவானாலும் அந்திக்குள் சொல்லும்!"

அறவாழி தூதர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வென்ற படைக்கு விருந்து ஆக்கி வைத்திருக்கிறோம். எந்தப் படை முதலில் பந்தியில் உட்காருகிறதோ, அந்த அரசர் பெயர்தான் இன்று முரசில். உங்கள் வீரர்களைக் கூப்பிடுங்கள்."

சமையல்கட்டிலிருந்து நெய்மணம் வந்தது. தூதர்கள் வாசலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வடக்கத்தித் தூதர் தேம்பினார்.

"கூப்பிட யாருமில்லை ஐயா. அரசரும் இல்லை."

"எங்கள் பக்கமும் அதே கதைதான்" என்றார் தெற்கத்தித் தூதர். "அந்தச் சோறு எங்கள் இரண்டு பேருக்குக் கிடைக்குமா?"

ராஜா சிரிக்க வாய் திறந்தான், சிரிப்பு வரவில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டான். சேனாபதியை வெறுந்தலையோடு பந்தி பரிமாறச் சொன்னான்.

அந்தி வந்தது. முரசுக்காரன் தடியை ஓங்கியபடி, "யார் பேரைச் சொல்றது, சாமி?" என்றான்.

"இனி உங்கள் பெயர்தான், மகாராஜா" என்றார் அறவாழி.

ராஜாவின் முகம் வெளுத்தது. "என் பெயரா? நாளைக்கு ஏதாவது ஆனால் ஊர் யாரைத் திட்டும்?"

"உங்களைத்தான்."

ராஜா முரசுக்காரன் பக்கம் திரும்பினான். "அப்படியானால் மெதுவாகவே அடி" என்றான்.

முரசு மெதுவாகத்தான் ஒலித்தது. கதவை மட்டும் இறுக்கமாகச் சாத்தினார்கள்.