வெள்ளை வால்

ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து வந்தால் முன்னே ஓடும் மான் வாலைத் தூக்கிக் காட்டும். வாலின் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பின்னால் வருபவை அந்த வெள்ளையைப் பார்த்தே ஓடும்.

கூட்டத்தில் மருதன் என்றோர் இளம் மான் இருந்தான். கொம்பு அப்போதுதான் முளைத்திருந்தது. ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருடம் அவன் கண்கள் மங்கத் தொடங்கின. முதலில் ஆற்றின் அக்கரை மறைந்தது. பனி என்று நினைத்துக்கொண்டான். பிறகு இக்கரையில் நின்ற புங்கமரமும் மறைந்தது. வெயில் கொளுத்தும் காலம் வந்தும் அவன் கண்ணில் இருந்த பனி விலகவில்லை. தினமும் விழித்ததும் பக்கத்திலிருந்த புற்றைப் பார்ப்பான். நேற்றைவிட மங்கலாக இருக்கும். பயத்தில் அன்று முழுவதும் புல் இறங்காது.

இதைக் கண்டுபிடித்தது மரத்தின் மேலிருந்த மந்தி மட்டும்தான். தான் கீழே போட்ட பழத்தை அவன் முகர்ந்து தேடுவதை அது பார்த்துவிட்டது.

"உன் கூட்டத்திடம் சொல்லிவிடு. பக்கத்தில் ஒருவர் குரல் கொடுத்தபடி ஓடினால் நீ தப்பித்துக்கொள்வாய்" என்றது மந்தி.

"சொன்னால் என்னைக் குட்டிகளோடு நிறுத்திவிடுவார்கள். வெள்ளை வால் இன்னும் தெரிகிறது. அது போதும்" என்றான் மருதன். யாரிடமும் சொல்வதில்லை என்று மந்தியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

அவன் தோழி தும்பை, அவன் முகம் வாடிக் கிடப்பதைக் கண்டு பலமுறை காரணம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றே சொல்லி வந்தான். அவள் போனதும் புதருக்குள் நின்று அழுவான்.

ஒரு நாள் ஆற்றங்கரையில் அவர்கள் நீர் குடிக்கும்போது சிறுத்தை பாய்ந்தது. பாய்ச்சல் தவறிவிட்டது. கூட்டம் மேட்டுப் பக்கம் ஓடியது. மருதனின் முன்னால் ஏதோ வெள்ளையாக எழும்பியது. அதைத் தொடர்ந்து முழு வேகத்தில் ஓடினான். அது வால் அல்ல, ஒரு கொக்கு. கொக்கு ஆற்றுக்கு மேலே பறந்து போயிற்று. மருதன் சேற்றில் விழுந்து எழுந்தான்; எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

மேட்டை எட்டிய தும்பை திரும்பிப் பார்த்தாள். உடனே இறங்கி வந்தாள். குரல் கொடுத்தால் சிறுத்தைக்குக் கேட்டுவிடும் என்று, சத்தமில்லாமல் வாலைத் தூக்கிக் காட்டினாள். மருதன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அருகே வந்து காட்டினாள். அப்போதும் அவன் அசையவில்லை. மேலும் நெருங்கினாள். நாணலுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை அவளைக் கவ்விக்கொண்டு போனது.

கூட்டம் திரும்பி வந்து மருதனைச் சேற்றிலிருந்து கரையேற்றியது.

"என் மகள் உன் கண்ணெதிரேதானே நின்றாள். நீ ஏன் அவளோடு ஓடி வரவில்லை?" என்று கேட்டாள் தும்பையின் தாய்.

"எனக்குக் கண் தெரியாது" என்றான் மருதன். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

தாய் நாணல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இதை நேற்று அவளிடம் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அதன் பிறகு ஆபத்து வந்தபோதெல்லாம் அந்தத் தாயே அவன் பக்கத்தில் குரல் கொடுத்தபடி ஓடினாள். அவனும் ஒவ்வொரு முறையும் தப்பித்தான். அவள் குரல் தும்பையின் குரலைப் போலவே இருந்தது.

நீதி: நம்மேல் அன்பு வைத்தவரிடம் துன்பத்தை மறைத்தால், அது அவரையும் சேர்த்தே வீழ்த்தும்.