குண்டூசிக்குள் இருந்த கொக்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளே. கடலோரத்தில் ஒரு ராணி ஆண்ட காலத்தில் நடந்தது இது.

அந்த நாட்டில் வேலம்மை என்று ஒருத்தி இருந்தாள். நாம் இன்று லேஸ் என்கிறோமே, அந்த நூல் பின்னலில் கைதேர்ந்தவள். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஊசிக்கு ஊசி நூலை வளைத்துப் பின்னுவாள். ஊரார் அதை வாங்கிப் பாவாடை ஓரத்தில் தைப்பார்கள். பாவாடையைப் புகழ்வார்கள். பின்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

வேலம்மைக்குப் பயம் அதிகம். முன்பு ஒருமுறை அவசரப்பட்டு ஊசியை உருவியதில், பின்னிய பூ பாதி குலைந்துபோனதை அவள் மறக்கவே இல்லை. மகள் செந்தி பெரிய பெண்ணான பிறகும், கடைத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

ராணி ஒரு கலைக்கூடம் கட்டினாள். கல்லில் செய்தது வந்தது. மரத்தில் செய்தது வந்தது. வெண்கலத்தில் செய்தது வந்தது. நூலில் செய்தது மட்டும் வரவில்லை.

தன் பின்னலும் அங்கே இருக்க வேண்டும் என்று வேலம்மை ஆசைப்பட்டாள். அலையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு ஒன்றை மழைக்காலம் முழுக்கப் பின்னினாள். நுனிகளை முடிந்து, கட்டைகளை அறுத்தெடுத்தாள்.

“அம்மா, ஊசியை எடுத்துரலாமா?” என்றாள் செந்தி.

“பொறு ஏட்டி. நூல் இன்னும் கொஞ்சம் பழகட்டும்.”

அரண்மனைக்குப் புறப்படும்போது செந்தி மறுபடி கேட்டாள்.

“வழியில காத்தடிக்கும். பிரிஞ்சிட்டா என்ன செய்ய?” என்று திண்டோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் வேலம்மை. மறு கையில் மகளின் கை.

சபையில் திண்டை வைத்தார்கள். ஊசித் தலைகள்தான் தெரிந்தன. மந்திரி குனிந்து பார்த்தார்.

“என்ன தாயி, முள்ளம்பன்றிக்கு மெத்தை தைச்சிருக்கியா?”

சபை சிரித்தது. ராணி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த சிலையைப் பார்க்க எழுந்துவிட்டாள்.

“இப்பவாவது எடுக்கட்டுமா அம்மா?” மூன்றாம் முறையாகக் கேட்டாள் செந்தி.

வேலம்மை, விலகிப் போகும் ராணியைப் பார்த்தாள். ஊசி எடுக்க மகளுக்கு இரண்டு கையும் வேண்டுமே. பிடித்திருந்த கையை விட்டாள்.

செந்தி ஒவ்வொன்றாக உருவினாள். கடைசி ஊசியை வேலம்மையே எடுத்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஒரு முடிச்சும் நகரவில்லை. செந்தி பின்னலைத் தூக்கிச் சாளரத்துக்கு நேரே பிடித்தாள். கடற்காற்று வந்தது. இழைகளின் இடைவெளியில் புகுந்து, தன்பாட்டுக்குப் போய்விட்டது. எதிர்ச்சுவரில் கொக்கின் நிழல் விழுந்து அசைந்தது.

“அட, பறந்துராம பிடிச்சுக்கோ பொண்ணே!” என்றார் அதே மந்திரி.

ராணி திரும்பி வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். “இதை எதன் ஓரத்திலும் தைக்காதீர்கள். கூடத்தின் நடுவில் மாட்டுங்கள்” என்றாள்.

வீடு திரும்பும் வழியில் கடைத்தெரு வந்தது. வேலம்மையின் கை மகள் கையைத் தேடிப் போய், பாதியில் நின்றது. செந்தி முன்னால் நடந்தாள். வளையல் கடையில் நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பார்த்துப் பார்த்து வளர்த்தது எதுவானாலும், அது தானாக நிற்கும் காலம் வந்ததும் நாம் பிடியை விட்டுவிட வேண்டும்.